உதட்டுக்கு முன்னால் ஓர் அட்டை

"மெஷின் எதுவும் மாறலைங்குது. நீங்க நல்லா கேட்குதுங்கறீங்க. நான் யாரை நம்பறது?" என்றாள் டாக்டரம்மா.

"என்னை நம்புங்க டாக்டர். மெஷினா இவரோட குடும்பம் நடத்துது?" என்றாள் தறிக்காரி.

அவள் புருஷன் பக்கத்து நாற்காலியில் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அவர் மேஸ்திரி. இருவரும் ஒரே விசைத்தறிக் கூடத்தில் உழைத்தவர்கள். அந்த இரைச்சல் அவருடைய இரண்டு காதுகளையும் தின்று தீர்த்துவிட்டது. உட்காதில் ஒலியை வாங்கும் மயிரிழை போன்ற செல்கள் செத்தால் தாமாக முளைப்பதில்லை. முளைக்க வைக்க முடியுமா என்று பார்க்கும் புது மருந்தை, ஆராய்ச்சிக்காக, அவர் வலது காதில் ஊசியாகப் போட்டிருந்தார்கள். பலன் தெரிந்தால் இடது காதுக்கும் உண்டு. இல்லாவிட்டால் இத்தோடு சரி.

"வீட்டில எப்படி?"

"முன்னாடி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. ஊசி போட்டப்புறம் நான் வாயைத் திறந்தாலே பதில் வருது. நேத்து அடுப்பை அணைங்கன்னேன், அணைச்சாரு. கல்யாணமாகி இப்பத்தான் சொன்ன பேச்சு கேட்கறாரு."

டாக்டரம்மா சிரித்தாள். பிறகு மேஜையிலிருந்த அட்டையை எடுத்துத் தறிக்காரியின் வாய்க்கு முன்னால் பிடித்தாள்.

"இப்ப அவரைக் கூப்பிடுங்க."

கூப்பிட்டாள். மேஸ்திரி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவும் அவளையே பார்த்தாள்.

"கூப்பிடுங்கம்மா."

"கூப்பிட்டேனே."

"எனக்கே கேட்கலையே. சத்தம் வரலை."

தறிக்காரிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. தறி ஓடும்போது கத்தி என்ன பிரயோஜனம்? உதட்டை அகலமாக அசைத்தால் போதும், எதிர்த் தறியில் நிற்பவருக்கு விளங்கிவிடும். அவரிடம் அப்படியே பேசிப் பேசி, அந்தப் பழக்கம் வீடுவரை வந்திருந்தது. மற்றவர்களிடம் குரல் வந்தது. அவரிடம் மட்டும் வரவில்லை. அது அவளுக்கே தெரியாமல் போயிருக்கிறது. ஊசிக்குப் பிறகு அவர் செய்ததெல்லாம், கேட்டுவிடும் என்ற ஆசையோடு அவள் முகத்தைப் பார்த்தது மட்டும்தான்.

"ஏங்க!" இந்த முறை குரலை வரவழைத்துக் கத்தினாள்.

கதவருகே நின்ற நர்ஸ் எட்டிப் பார்த்தாள். மேஸ்திரி, படம் தெரியக் காத்திருப்பவர்போல, அட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அழுகை வரும் என்று நினைத்தாள் தறிக்காரி. வரவில்லை. மரத்துப்போன காலைத் தொட்டால் யாருடைய காலையோ தொட்டதுபோல இருக்குமே, அப்படி இருந்தது.

"இடது காதுக்கு வேண்டாம்மா. பலனில்லைன்னு தெரிஞ்சே குத்தக் கூடாது," என்றாள் டாக்டரம்மா.

"சரிங்க."

வெளியே வந்ததும் மேஸ்திரி உரக்கக் கேட்டார். "என்னவாம்? அடுத்த ஊசி எப்ப?"

அவள் அவர் பக்கம் திரும்பி, தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொன்னாள். "இனிமே ஊசி கிடையாதாம்."

விரலடியில் எதுவும் அதிரவில்லை.

"சரி, பஸ்ஸைப் பிடிப்போம்," என்றார் மேஸ்திரி.