மௌனத்தை வெட்டும் பட்டன்

கணக்கு சாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘தப்பு சார்’. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. தினமும் கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு தப்பு போடுவார். போட்டுவிட்டு சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டு வாய் திறக்காமல் நிற்பார். யாராவது கண்டுபிடிக்கிறவரை பாடம் நகராது. தூங்குகிறவன்கூட ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தூங்குவான்.

ஆறு வருஷமாகத் தற்காலிக வாத்தியார். இந்த வருஷம் ஒரு நிரந்தர வேலை காலியானது. போட்டி அவருக்கும் அறிவியல் டீச்சருக்கும். ஒருவருக்கு வேலை, மற்றவர் வருஷக் கடைசியில் வீட்டுக்கு. தேர்வுக் குழு வகுப்புக்கே வந்து உட்கார்ந்து பார்த்திருக்கலாம். ஆனால் அதற்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும். ஆகவே, ஐந்து நிமிஷத்துக்கு மிகாமல் பாடம் நடத்தி வீடியோ எடுத்து, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் ஏற்றிவிடுமாறு சுற்றறிக்கை வந்தது. கூடவே மூன்று நாள் வீடியோ பயிற்சியும் வந்தது.

பயிற்சியாளருக்கு, சாரின் பழைய மாணவர்களின் வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டர் அறையில் வாத்தியார்களையெல்லாம் பெஞ்சில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

“ஜன்னலுக்கு முதுகைக் காட்டாதீங்க, மூஞ்சி கரியாயிடும். போனைப் படுக்க வச்சு எடுங்க. மைக்கைக் காலர்ல மாட்டுங்க. முக்கியமா, சைலன்ஸ்தான் விஷம். மூணு செகண்ட் நீங்க பேசலேன்னா பாக்குறவன் வேற வீடியோவுக்கு ஓடிடுவான்.”

“என் பசங்க ஓட மாட்டாங்க தம்பி. கதவு சாத்தியிருக்கும்” என்றார் சார்.

வியாழக்கிழமை எடுத்தார்கள். ஐந்திலிருந்து, அடைப்புக்குறிக்குள் இருக்கும் எக்ஸ் மைனஸ் இரண்டைக் கழிக்க வேண்டும். அடைப்பை எடுத்ததும் அந்த மைனஸ் பிளஸ்ஸாக மாறியிருக்க வேண்டும். சார் மாற்றாமல் எழுதிவிட்டு நின்றார். இருபத்து மூன்று விநாடி. கடைசி பெஞ்சில் ஒரு பெண் மெல்ல எழுந்து, “சார், அங்க பிளஸ் வரணும்” என்றாள். ஆறு மாதமாக வாயே திறக்காத பிள்ளை. சார் பேசாமல் அழித்துத் திருத்தி எழுதிவிட்டுத் திரும்பினார். “பிரமாதம். உட்காரு” என்றார்.

அவரைக் கேட்டால், ஆறு வருஷத்தில் அவர் நடத்திய நல்ல பாடம் அதுதான்.

வீடியோ ஏழு நிமிஷம் பன்னிரண்டு விநாடி வந்தது. வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கும் சார் எதை வெட்டுவதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

“இதுக்கு ஏன் சார் மண்டையை உடைச்சுக்குறீங்க? பேச்சில்லாத இடத்தையெல்லாம் தானா வெட்டுற பட்டன் இருக்கு.” பயிற்சியாளர் அழுத்தினார். வீடியோ நான்கு நிமிஷம் ஐம்பத்தொரு விநாடிக்குச் சுருங்கியது. “பாருங்க, கச்சிதம்.”

மணி மூன்று ஐம்பத்தொன்பதுக்கு ஏற்றியாயிற்று. ‘அனுப்பும் முன் ஒருமுறை முழுதாகப் பார்க்கவும்’ என்பது பயிற்சிக் குறிப்பின் கடைசி வரி. சார் அதைச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டே வைத்திருந்தார், பார்க்கத்தான் இல்லை. விடைத்தாளைச் சரிபார்க்காமல் கொடுக்கிறவர்களைப் பெஞ்சில் ஏற்றுகிறவர் அவர்.

அன்று சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டே அனுப்பிய வீடியோவைப் போனில் பார்த்தாள். பாதியில் மடிப்பு நின்றது.

“ஏங்க, யாரைப் பாராட்டுறீங்க?”

“அந்தப் பொண்ணைத்தான்.”

“எந்தப் பொண்ணு? தப்பா எழுதுறீங்க. உடனே உங்களுக்கு நீங்களே ‘பிரமாதம், உட்காரு’ன்னு சொல்லிக்குறீங்க. அதுக்குள்ள போர்டுல மைனஸ் பிளஸ்ஸா மாறி நிக்குது. மேஜிக் ஷோவா இது?”

சார் போனை வாங்கிப் பார்த்தார். காலர் மைக்குக்கு அவர் தொண்டை மட்டும்தான் தெரியும். கடைசி பெஞ்சுக் குரலை அது பேச்சென்றே கணக்கில் எடுக்கவில்லை. மௌனத்தோடு சேர்த்து அந்தப் பெண்ணையும் வெட்டித் தள்ளியிருந்தது பட்டன்.

“அனுப்புறதுக்கு முன்னாடி பாத்தீங்களா?” என்றாள் மனைவி. அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். அவளும் மறுபடி கேட்காமல் துணியை மடிக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை வெட்டாத வீடியோவைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

“குழு பாத்து முடிச்சாச்சு சார். ஏழு நிமிஷ வீடியோவை வாங்க விதியில்ல.”

“அந்தத் தப்பு நான் வேணும்னே போட்டது சார்.”

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “வேணும்னேவா? தெரியாம போட்டிருந்தாக்கூட நான் ரெண்டு வார்த்தை பேசிப் பாத்திருப்பேன்.”

வேலை அறிவியல் டீச்சருக்குப் போனது. அந்த அம்மா நல்ல மனுஷி. தாழ்வாரத்தில் அவரை நிறுத்தி, “எனக்கு வெளிச்சம் நல்லா விழுந்துச்சு, அவ்வளவுதான் சார்” என்றார். அது உண்மையாகவும் இருந்ததால் சாரால் கோபப்படக்கூட முடியவில்லை.

கடைசி நாள் கடைசி வகுப்பு. சார் ஒரு கணக்கைப் பலகை நிறையப் போட்டுவிட்டு, சாக்பீஸை உருட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் வரி வரியாகத் துழாவினார்கள். ஒரு நிமிஷம் போனது. கடைசி பெஞ்சுப் பெண் பாதி தூக்கிய கையை இறக்கினாள். பிறகு எழுந்தாள்.

“சார், எல்லாமே சரியா இருக்கு.”

“நல்லாப் பாத்துட்டியா?”

“ரெண்டு தடவை பாத்துட்டேன் சார்.”

“நான் ஒரு தடவைகூடப் பாக்கல” என்று சொல்லி, சார் பலகையை மேலிருந்து அழிக்க ஆரம்பித்தார்.