வடக்கே ஆழமில்லை

12.02.1981, வியாழன். கப்பல் போகும் வழியை அக்காவுக்குப் பிழையாகச் சொல்லிவிட்டேன். திருத்தினால் அக்கா போய்விடுவாள்.

நாட்குறிப்புக் கொப்பியில் இவ்வளவையும் எழுதிவிட்டுச் சிவலட்சுமி பேனையை மூடினாள்.

தாய் தகப்பன் இல்லை. எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு நெளுக்குளம் கிராமத்துக்கு வந்தபின் அவளுக்கு அக்கா வடிவம்மாதான் எல்லாம். அக்காவின் புருசன் வீரபாகு முன்னாலேயே இந்தியா போய், கூடலூரில் வீடு பார்த்துவிட்டு, வா வா என்று எழுதிக்கொண்டிருந்தான். அக்காவுக்கும் இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டியதுதான். சிவலட்சுமிக்கோ இலங்கைப் பிரஜாவுரிமை. அவள் இங்கேயேதான்.

போன வாரம் அக்கா கடலைப் பற்றிக் கேட்டாள். இருவருமே கடலைக் கண்டதில்லை. சிவலட்சுமி மாலை வகுப்பில் படித்த மன்னார் வளைகுடாவை விரித்துச் சொன்னாள். தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கீழே பனி மூடிக் கிடந்த பள்ளத்தாக்கை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பி, அதன்மேல் கப்பல் ஊர்வதாக நினைத்துப்பார் என்றாள். அக்கா பயந்துவிட்டாள். அந்தப் பள்ளத்துக்கு மேலால் போகமாட்டேன், அவரே திரும்பி வரட்டும் என்றுவிட்டாள். சிவலட்சுமிக்கு உள்ளுக்குள் இனித்தது.

இன்றைக்கு வகுப்பில் நேசமலர் ரீச்சர் சுவர்ப்படத்தில் விரலை வைத்தார். மன்னார்த் தீவிலிருந்து இராமேஸ்வரம் பக்கம்வரை மணல் திட்டுகள்.

"ஆழமெல்லாம் தெற்கால, வளைகுடாவில. கப்பல் திட்டுகளுக்கு வடக்கால போகுது, பிள்ளையள். அங்க அவ்வளவு ஆழமில்லை."

சைக்கிளில் திரும்பும்போது குளம் அந்தி வெளிச்சத்தில் கரையில்லாமல் கிடந்தது. கொக்குகள் நின்ற மேடுகள் ஒவ்வொன்றும் அவள் கண்ணுக்கு ஒரு திட்டு. அவற்றுக்குத் தெற்கே பள்ளத்தாக்கு பனியோடு இறங்கிக்கொண்டே போனது. வடக்கே முழங்கால் தண்ணீரில், சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, அக்கா நடந்தே அக்கரை போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சிவலட்சுமி கொப்பியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். தான் சொன்னது பிழை, கப்பல் அந்தப் பள்ளத்துப் பக்கமே போகாது என்றாள்.

ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "நெசமாத்தானா? இல்ல, என்னய தொரத்திவிடப் பாக்குறியா?"

"நெசமாத்தான்க்கா."

"அப்ப நீ படிச்சு என்னத்தக் கிழிச்ச?" அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "தனியா இருந்துக்குவியா புள்ள?"

"இருந்துக்குவேன்."

அது சரியா பிழையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு பக்கம் கருகிய ரொட்டியை அக்கா தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

சாப்பிட்டபின் சிவலட்சுமி மறுபடி எழுதினாள்.

திருத்தியாயிற்று. நாளை காலை அக்காவின் தகரப் பெட்டிக்குப் பூட்டு வாங்க வேண்டும். கப்பல் ஓடும் நாட்களை ரயில் ஸ்ரேசனில் கேட்க வேண்டும்.