உள்ளே கைப்பிடி இல்லாத கதவு

அன்வர் சாதிக்கின் பழைய ஜீப் குழியில் இறங்கினால் பின்கதவு தானாகத் திறந்துகொள்ளும். அதனால் வெளியே ஒரு பூட்டுப் போட்டிருந்தார்.

"உள்ள ஒரு கைப்பிடி, ஏற ஒரு படி. இம்புட்டுத்தான் கேட்டேன். நீங்க லைட்ட மாத்துனீக," என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி அஜீஸா.

"அடுத்து அதான் அஜீஸா."

மகள் சுஹானா அன்று துபாய்க்குப் போகிறாள். இனி இரண்டு வருஷம் கழித்துத்தான் வருவாள். ஜீப் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது மாமியார் வீட்டிலிருந்து நேராக வந்து அவள் ஏறிய மதுரை பஸ் நகரத் தொடங்கியிருந்தது. "நிப்பாட்டுங்கப்பா!" என்று கத்திக்கொண்டே அன்வர் சாவியோடு இறங்கி ஓடினார்.

"என்னங்க! என்னயத் தெறந்துவிட்டுட்டுப் போங்க!"

முன்சீட்டைத் தாண்டி வர அஜீஸாவுக்கு முழங்கால் மடங்காது. பூ விற்கும் பெண் ஒருத்தி கதவை இழுத்துப் பார்த்தாள்.

"பூட்டியிருக்கேக்கா. ஆடா ஏத்தியாந்தாக?"

"பொண்டாட்டியத்தான்."

பஸ் ஒரு நிமிஷம் நின்றது. ஜன்னல் வழியே அத்தா அன்வரின் கையைப் பிடித்துக்கொண்டு சுஹானா சுற்றிலும் தேடினாள். அஜீஸா கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். பஸ் போய்விட்டது.

அன்வர் மூச்சிரைக்க வந்து பூட்டைத் திறந்தார்.

"'அம்மா எங்க அத்தா?'ன்னு கேட்டா."

"என்ன சொன்னீக?"

"பின்னாடியே வர்றான்னு சொன்னேன்."

அஜீஸா இறங்கவில்லை.

"கதவச் சாத்துங்க. வீட்டுக்குப் போவோம்."