நாலாவது தோள்

பெஞ்சின் கால் ஆடுகிறது என்று யாரோ அவளுடைய ஜெர்மன் அகராதியை எடுத்து முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

கண்ணுசாமி அதைப் பார்த்ததும் கையிலிருந்த மாலையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். தடித்த புத்தகம். நீல அட்டையில் பெஞ்சுக்கால் அழுந்தி வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. ஒரு கையால் பெஞ்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் புத்தகத்தை உருவினார். பெஞ்சு ஒரு பக்கம் சாய, அதன்மேல் கிடந்த மூக்காயியின் தலை லேசாக அசைந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் பதறிப் போனார்கள்.

“என்னண்ணே இது, பொணத்தை ஆட்டிக்கிட்டு!” என்றாள் பக்கத்து வீட்டு அய்யம்மாள்.

“ஒரு செங்கல் எடுத்துட்டு வா.”

“ஆத்திர அவசரத்துக்கு வச்சது. ஒரு புஸ்தகம்தானேண்ணே?”

“செங்கல் எடுத்துட்டு வான்னேன்.”

செங்கல் வந்தது. பெஞ்சு நேராக நின்றது. கண்ணுசாமி அகராதியைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அண்ணன் மகளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. காமாலையின் மஞ்சளோடு, குளிப்பாட்டிப் பூசிய மஞ்சளும் சேர்ந்து, அது அவள் முகமாகவே இல்லை.

அண்ணன் சோலைமுத்துவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து பிறந்து இறந்தபின் தங்கிய பிள்ளை அவள். இதையும் எமன் கொண்டுபோய்விடக் கூடாதென்று மூக்கைக் குத்தி மூக்காயி என்று பேர் வைத்தார்கள். சென்னைக் கல்லூரி விடுதியில் அந்தப் பேரைக் கேட்டுச் சிரித்தார்களாம். “சிரிச்சாச் சிரிக்கட்டும் சித்தப்பா. எங்க ஜெர்மன் டீச்சர் ஒருத்தங்கதான் ஒரே தடவை கேட்டுட்டு ஒழுங்காச் சொன்னாங்க” என்று வந்து சொன்னாள். அதே பேரோடு டில்லிக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. ஜெர்மன் சேர்ந்தாள். ஒரு வருஷம் முடித்து, இந்த அறுபத்து நாலாம் வருஷத்துக் கோடை விடுமுறைக்கு வந்தவளுக்குத்தான் கண் மஞ்சளானது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்து, நேற்றுச் சாயங்காலம் போய்விட்டாள். இருபத்து மூன்று வயசு.

வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சு உள்ளே கேட்டது.

“டில்லியில என்னத்தப்பா படிச்சுச்சு பிள்ளை?”

“ஜெர்மன்.”

“டாக்டருக்கா?”

“அட, அந்த ஊர்க்காரன் பாஷைப்பா. அவன் பாட்டு, அவன் கதை, நாடகம். அவன் எப்படிக் கல்யாணம் பண்ணுறான், எப்படிச் சாவு எடுக்குறான், அம்புட்டும் படிப்பாம்.”

“ரெண்டு யுத்தத்துலயும் தோத்த பய. அவன் பாட்டைப் படிச்சு என்ன வெளங்கும்?”

யாரோ துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “எல்லாம் இந்தக் கண்ணுசாமியாலதான். பட்டாளத்துல கத்துக்கிட்டு வந்து பிள்ளை காதுல ஊதிவிட்டாரு.”

கண்ணுசாமிக்குக் காது சுட்டது. அவர் எதையும் ஊதவில்லை. ஊதுகிற மாதிரி அவரிடம் என்ன இருந்தது?

இரண்டாம் யுத்தத்தில் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிடிபட்டு, இத்தாலி வழியாக ஜெர்மன் கைதி முகாமுக்குப் போனவர் அவர். அங்கே காலையில் பனியில் வரிசையாக நிறுத்தித் தடியால் நெஞ்சைத் தட்டித் தட்டி எண்ணுவார்கள். ஐன்ஸ், த்ஸ்வை, த்ரை, ஃபியர். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஆள் குறைந்தால் மறுபடியும் முதலிலிருந்து. ‘ராவுஸ்’ என்றால் வெளியே போ. ‘ஷ்னெல்’ என்றால் சீக்கிரம். ஊர் திரும்பி, திண்டுக்கல் ரயில் ஸ்டேஷனில் வேலைக்குச் சேர்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு உறங்கிய பிறகும் அந்த எண்ணிக்கை அவரை விடவில்லை. தூக்கத்தில் கத்துவார்.

“தூக்கத்துல யாரைச் சித்தப்பா எண்ணுறீக?” என்று கேட்டது அந்த வீட்டிலேயே பாவாடை கட்டிய மூக்காயி ஒருத்திதான். கல்லூரியில் ஒரு வெளிநாட்டு மொழி எடுக்கலாம் என்று வந்தபோது, பிரெஞ்சுதான் சுலபம் என்று எல்லாரும் சொல்லியும் அவள் ஜெர்மன் எடுத்தாள். முதல் விடுமுறைக்கு வந்ததும் அவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“அம்புட்டுப் பெரிய பாஷையில அவன் உங்களுக்குக் குடுத்தது அதட்டல் மட்டும்தான் சித்தப்பா. மிச்சத்தை நான் வாங்கிட்டு வாரேன்.”

சொன்னபடி ஒவ்வொரு விடுமுறைக்கும் கொண்டுவந்தாள். தொட்டிலாட்டும் பாட்டு. அறுப்புப் பாட்டு. நவம்பர் மாதம் கல்லறைக்கு விளக்குக் கொண்டுபோய் வைக்கிற வழக்கம். ஒருநாள், “அங்க சின்னப்புள்ளைக கண்ணாமூச்சிக்குக் கண்ணைப் பொத்திக்கிட்டு இப்படித்தான் எண்ணுவாங்க. பயப்படாம எண்ணுங்க, பாப்போம்” என்று முற்றத்தில் மேய்ந்த கோழிகளை அவரை எண்ண வைத்தாள். அவர் ஐன்ஸ் என்றதும் ஒரு கோழி மிரண்டு கூரைமேல் ஏறிவிட்டது. மதினி ஒச்சம்மாள் அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கத்துவது அடியோடு நின்றுபோனது என்று சொல்ல முடியாது. குறைந்தது.

பந்தலில் சலசலப்பு எழுந்தது. ஒச்சம்மாளின் அண்ணன் கருப்புசாமி வந்துகொண்டிருந்தார். வடமதுரையில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். கையில் பித்தளைத் தாம்பாளம். அதில் கூறைப்புடவை, வெற்றிலை, ஒரு மஞ்சள் துண்டு கட்டிய மஞ்சள் கயிறு. பின்னால் அவர் மகன் பெருமாள்சாமி, தோளில் தூங்கும் குழந்தையோடு, தலையைக் குனிந்தபடி வந்தான்.

கண்ணுசாமிக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் வாசலுக்கு வந்து நின்றார். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தப் பெருமாள்சாமியைத்தான் மூக்காயிக்குப் பேசினார்கள். அவள் மாட்டேன் என்றாள். அவன் அப்புறம் வேடசந்தூரில் பெண்ணெடுத்துக் குடும்பம் நடத்துகிறான்.

“கன்னியாப் போற பிள்ளை” என்றார் கருப்புசாமி, எல்லாருக்கும் கேட்கிறாற்போல. “முறைப்பையன் கையால கழுத்துல ஒரு கயிறு ஏத்தித்தான் தூக்கணும். வழக்கம். இல்லாட்டி ஆவி அடங்காம வீட்டையே சுத்தும்.”

பெரிய தலைகள் ஆமோதித்து முனகின.

“அவ வேண்டாம்னு சொன்ன சம்பந்தம் மச்சான்” என்றார் கண்ணுசாமி.

கருப்புசாமி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. “சபையில வச்சு என்ன சொன்னா? ‘மாமா, எனக்குப் படிப்பு இருக்கு’ன்னா. இப்பத்தான் படிப்பு முடிஞ்சு போச்சுல்ல?”

ராவுஸ் என்ற சொல் கண்ணுசாமியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினார். அவள் கிடக்கிற இடத்தில் அந்தப் பாஷையில் அதட்டக் கூடாது.

“தட்டை எடுத்துக்கிட்டு வெளிய போங்க” என்றார் தமிழிலேயே.

சோலைமுத்து ஓடிவந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். இரவெல்லாம் அழுது அவருக்குக் குரலே இல்லை. “கண்ணு, ஊரோட ஒத்துப் போயிருவோம்டா. ஒரு கயிறுதானே? அவளுக்கு என்ன தெரியப் போகுது?”

ஒரு புஸ்தகம்தானே. ஒரு கயிறுதானே. கண்ணுசாமிக்கு நெஞ்சு கொதித்தது. கக்கத்திலிருந்த அகராதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அதுவரை மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஈரம் காயாத கூந்தலை விரலால் கோதிக்கொண்டிருந்த ஒச்சம்மாள் நிமிர்ந்தாள். காலையிலிருந்து அவள் ஒப்பாரிகூட வைக்கவில்லை.

“அண்ணே.”

கருப்புசாமி திரும்பினார்.

“மாட்டேன்னு சொன்னப்ப எம்மக உசுரோட இருந்தா. சொல்ல வாயிருந்துச்சு. வாயில்லாமப் போன பிறகு பொண்ணு கேட்டு வந்திருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?”

கருப்புசாமியின் முகம் கறுத்தது.

“கேட்டுக்கங்கப்பா, என் தங்கச்சி பேசுற பேச்சை! சரி. கயிறு ஏறாமப் பாடையில தோள் வைக்க ஒரு பய வரமாட்டான். அந்த ஜெர்மன்காரன் கப்பலேறி வந்து தூக்குறானான்னு பாப்போம்.”

அவர் போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருத்தருக்கு வேட்டியை இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. ஒருத்தருக்குப் பீடி பற்ற வைக்க வேண்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பந்தல் காலியாகி மரத்தடி நிறைந்தது.

கண்ணுசாமி அகராதியை மாடக்குழியில் வைத்தார். அண்ணனும் அவரும் தலைப்பக்கமும் கால்பக்கமும் பிடிக்க, ஒச்சம்மாள் இடுப்பில் கை கொடுக்க, மூவருமாக அவளை வாசலில் கட்டி வைத்திருந்த பாடையில் கிடத்தினார்கள். இந்தத் தடவை தலை அசையவில்லை. ஒச்சம்மாள் தாங்கிக்கொண்டாள்.

கண்ணுசாமி முன்பக்கத்து வலது மூங்கிலில் தோளைக் கொடுத்துக் குந்தினார்.

“ஐன்ஸ்.”

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. தானாக வந்தது. மரத்தடியில் இருந்தவர்கள் திகைத்துப் பார்த்தார்கள்.

சோலைமுத்து அழுதுகொண்டே வந்து தம்பிக்கு இடப்பக்கத்தில் குந்தினார்.

“த்ஸ்வை.”

பின்பக்கத்து மூங்கில் முனை இரண்டும் வெறுமையாகக் கிடந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணுசாமி திரும்பிப் பார்க்கவில்லை. முகாமிலும் அப்படித்தான்; திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் கொலுசில்லாத காலடி கேட்டது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஒச்சம்மாள் வந்து குந்தினாள்.

“அய்யோ, பொம்பளை பாடை தூக்குறதாவது!” என்று அய்யம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள்.

“சுமந்தவ நான்தானே? இறக்கி வைக்கவும் நானே போறேன்.”

“த்ரை” என்றார் கண்ணுசாமி.

வேப்பமரத்தடியில் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. பெருமாள்சாமி அதை அய்யம்மாளின் கையில் கொடுத்தான்.

“ஏலே, எங்கடா போற?” கருப்புசாமி அவன் சட்டையைப் பிடித்தார்.

“விடுங்கப்பா. வேண்டாம்னு எம்மூஞ்சிக்கு நேராத்தான் சொன்னா. மரியாதையாத்தான் சொன்னா. உட்கார வச்சுக் காப்பி குடுத்துட்டுத்தான் சொன்னா.”

சட்டையை விடுவித்துக்கொண்டு வந்து கடைசி மூலையில் குந்தினான்.

“அத்தை, நீங்க எந்திரிங்க. நான் யாரையாச்சும் கூப்பிடுறேன்.”

“நீ உன் மூலையைப் பிடி அப்பு.”

“ஃபியர்” என்றார் கண்ணுசாமி.

மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கவில்லை. பாடை எழுந்தது.

ஒச்சம்மாள் குள்ளம். அவள் பக்கம் மூங்கில் தாழ்ந்தது. மற்ற மூன்று பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளாமல் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, அவள் உயரத்துக்கு இறங்கி நடந்தார்கள்.