மாட்டு டாக்டரின் குரல்

கார்ட்டூன் எலிக்குக் குரல் கொடுத்த காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் வைத்த பெயர் கீச்சு. எலி போனது, அணில் போனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது அவள் குரல் கொடுப்பது ஒரு சாயங்கால நாடகத்தில் வரும் மாட்டு டாக்டருக்கு. டாக்டர் கதாநாயகியின் அக்கா. அதே வீட்டில் ஒரு வக்கீலம்மாவும் இருக்கிறாள். அவள் என்ன உறவு, ஏன் இருக்கிறாள் என்று நாடகத்தில் ஒருவரும் கேட்பதில்லை. தங்கை அழுதுகொண்டு வந்தால் இருவர் மடியிலும் அழுவாள். தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்தது யார் என்று இருவரும் மல்லுக்கு நிற்பார்கள். அவ்வளவுதான்.

அன்றைக்குத் திரையில் வக்கீலம்மாவுக்குக் கோபம். வழக்கமாக "வாடி, போடி" என்பவள், அன்று டாக்டரைப் பார்த்து, "நீங்க சாப்பிடுங்க. உங்களுக்கு எது சௌகரியமோ அப்படியே செய்ங்க" என்றாள்.

அதற்கு டாக்டர் சொல்லும் பதிலில் கீச்சுக்கு வாய் அசைவு தப்பிவிட்டது. ஒலிப்பதிவாளர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டினார். மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் தப்பியது.

காரணம் இருந்தது. கீச்சுவின் வீட்டிலும் கோபம் இப்படித்தான் வரும். அவளோடு இருப்பவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். கீச்சு அவளைக் கூப்பிடுவதும் கண்ணாடி என்றுதான். கண்ணாடிக்குச் சினம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "நீங்க" வந்தால் நெருப்பு, "தாங்கள்" வந்தால் வீடே வெந்துவிட்டது என்று அர்த்தம். இது அந்த நாலு சுவருக்குள் மட்டும் நடக்கிற சங்கதி. வீட்டுச் சொந்தக்காரருக்கு அவர்கள் ஒன்றுவிட்ட அக்கா தங்கை. ஸ்டுடியோவுக்கு, வாடகையைப் பங்குபோடும் சிநேகிதிகள்.

தற்செயல் என்று விட்டிருப்பாள். ஆனால் அடுத்த வாரம் வக்கீலம்மா, "முதல்ல சாப்பிடு, சண்டைய அப்புறம் போட்டுக்கலாம், அது ஆறிப்போகாது" என்றாள். அதற்கும் அடுத்து, டாக்டரின் சில்லிட்ட பாதங்களைத் தன் காலுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு கட்சிக்காரரோடு போனில் பேசினாள். கீச்சு தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டாள். மடியில் கனம் உள்ளவளுக்கு வழியெல்லாம் பயம்தானே. யாரோ தன் வீட்டை எட்டிப் பார்த்து எழுதுகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டாள்.

முதல் சந்தேகம் ஒலிப்பதிவாளர் மேல். தொண்டை கட்டிப் படுத்திருந்தபோது ஒருமுறை மருந்து கொண்டுவந்து கொடுத்தவர் அவர். வாசலோடு போகாமல் உள்ளே வந்து தண்ணீர் குடித்தார். இருவர் துணியும் கலந்து கிடக்கும் நாற்காலியைப் பார்த்திருப்பாரோ, ஒரே அலமாரியைக் கவனித்திருப்பாரோ? இடைவேளையில் தேநீரோடு போய், கதை எப்படிப் போகிறது என்று நூல் விட்டுப் பார்த்தாள். கதையே தெரியாது என்றார் மனிதர். தனக்குக் காதில் விழுவது மூச்சும் எச்சில் விழுங்கும் சத்தமும்தான் என்றார். அவர் முகம் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. அதுவே நடிப்போ என்றும் தோன்றியது.

அப்புறம்தான், அரண்டவள் கண் வீட்டுக்குள்ளேயே திரும்பியது.

நாடகமே பார்க்காத கண்ணாடி, கொஞ்ச நாளாக ஒன்றுவிடாமல் பார்க்கிறாள். முடிந்த கையோடு போனை எடுத்துக்கொண்டு மாடியில் துணி காயப்போடும் இடத்துக்குப் போய்விடுகிறாள். கீச்சு படியேறினால் பேச்சு நின்றுவிடும். கடையிலிருந்து என்பாள். கடை ஆட்களோடு பேசும் குரல் கீச்சுக்குத் தெரியாதா? குரலை விற்றுப் பிழைப்பவள் அவள். இது அடித்தொண்டையில் கெஞ்சுகிற குரல். ஒரு சாயங்காலம், துணி எடுக்கப் போவதுபோல் சத்தமில்லாமல் ஏறியவளின் காதில் விழுந்தது: "சொல்லிட்டேன்ல. அவளுக்கு இன்னும் தெரியாது."

கீச்சு இறங்கி வந்து அடுப்பில் இருந்ததைக் கிண்டினாள். கிண்டத் தேவையே இல்லாத வெந்நீர் அது.

மறுநாள், ஒரு வசனம் வாய்க்கு நீளமாக இருக்கிறது என்று சாக்குச் சொல்லி வசனகர்த்தாவைப் பார்க்கப் போனாள். நரைத்த தாடியும் பனியனுமாக, பேரக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கதவைத் திறந்தார். வசனத்தை அரை நிமிஷத்தில் வெட்டிக் கொடுத்துவிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. வக்கீலம்மாவை யாரைப் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். வக்கீலம்மா முதலில் மாடியில் குடியிருந்த வாடகைக்காரியாம், வாரத்துக்கு ஒரு காட்சி. டாக்டருக்கு வெளிநாட்டிலிருந்து திரும்பும் புருஷன் ஒருவன் எழுதப்பட்டிருந்தான். அந்த நடிகர் படப்பிடிப்புக்கு முன்னாலேயே வேறு நாடகத்துக்குத் தாவிவிட்டார். கையில் இருந்த வசனத்தையெல்லாம் யாருக்காவது கொடு என்று தயாரிப்பாளர் கத்தினார். சும்மா இருந்தது வக்கீலம்மாதான்.

"ஒரு எழுத்து மாத்தல. 'நீ சாப்டியா', 'நான் வர லேட்டாகும்', இதுல ஆண் எங்க, பெண் எங்க? ரெண்டு வாரம் ஓடினப்புறம் உக்காந்து பார்த்தேன். புருஷன் பொண்டாட்டியாதான் இருந்தாங்க. எங்கயும் இடிக்கல. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு அதுக்கப்புறம் தெரிஞ்சேதான் எழுதறேன்."

"கோபம் வந்தா மரியாதையா பேசறது?"

"அது எங்க வீட்ல" என்று அவர் உள்பக்கம் தலையாட்டிக் குரலைத் தாழ்த்தினார். "கல்யாணத்துக்கு முன்னாலேருந்து என்னை 'டா'ன்னுதான் கூப்பிடுவா. 'வாங்க'ன்னா அன்னிக்கு நான் செத்தேன். ஏம்மா, உங்க வீட்லயும் அப்படியா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. குழந்தை விழித்துக்கொண்டதா என்று பார்த்தார். கேட்காமல் விட்டாரே, அதையும் பஸ்ஸில் வரும்போது திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒரு குத்தலும் கிடைக்கவில்லை.

ஒரு முடிச்சு அவிழ்ந்தது. ஆனால் மாடியில் கெஞ்சிய குரல் யாருக்கு? இது முன்னதைவிட மோசமாக இருந்தது. வந்ததும் வராததுமாகக் கேட்டுவிட்டாள்.

கண்ணாடி போனைக் கீழே வைத்தாள். பிறகு, "அம்மாகிட்ட" என்றாள்.

அவளுடைய அம்மா அந்த நாடகத்தை ஆரம்பத்திலிருந்தே பார்க்கிறவர். டாக்டர் குரல் உன்கூட இருக்கிற பெண்ணுடையதுதானே என்று ஒருநாள் கேட்டாராம். ஆமாம் என்றதும் தினமும் போன். அடுத்து என்ன நடக்கும், வக்கீலை அனுப்பிவிடுவார்களா என்று விசாரணை. திடீரென்று ஒரு நாள், நிறுத்தி நிதானமாக, "அப்ப அந்த வக்கீல் நீதானா?" என்று கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன். போனை வச்சுட்டாங்க. பத்து நாள் எடுக்கல. நான்தான் விடாம அடிச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு முடிவு தெரியாம உன்கிட்ட என்னன்னு சொல்றது?"

"இப்ப?"

"இப்ப உன்னைப் பத்திக் கேக்கறாங்க. குணம் எப்படி, குடிப்பியா, கோபக்காரியா. வந்து பார்க்கணுமாம்."

கீச்சு நம்பவில்லை. பெண்ணைப் பிரித்துக் கூட்டிப்போக வரும் தந்திரம் என்றே நினைத்தாள். நினைத்தபடியே வீட்டைத் துடைத்தாள், ஜன்னல் திரையை மாற்றினாள்.

அம்மா ஒரே ஒரு பையோடு வந்தார். கீச்சுவை மேலும் கீழும் பார்த்தார். குரலைக் கேட்டுப் பெரிய உடம்பாக இருக்கும் என்று நினைத்ததாகச் சொன்னார். சமையல்கட்டு டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். கேட்ட கேள்விக்கெல்லாம் கீச்சு சாட்சிக்கூண்டில் நிற்பவளைப்போல அளந்து பதில் சொன்னாள். சாயங்காலம் மூவரும் நாடகம் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அம்மாவைப் படுக்கவைத்தது இரண்டாவது அறையில். விருந்தாளிகள் கண்ணுக்காக அங்கே எப்போதும் ஒரு கட்டில், மடிப்புக் கலையாத விரிப்போடு கிடக்கும். காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அந்த மெத்தை கல்லா இருக்கு. அதுல யாருமே படுத்ததில்ல போல."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காப்பியில் சர்க்கரை போதாது என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியாமல் இருவருமே எழுந்தார்கள்.