சுகுணா வீட்டு டிரம்

பக்கத்து வீட்டு முத்துச்செல்விக்கு டெங்கு என்று தெரிந்ததிலிருந்து சுகுணாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிற பிள்ளைக்கு ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போகிறதாம். அந்தத் தெருவில் கொசுப்புழு பார்க்கிற வேலை சுகுணாவுடையது. வீடு வீடாகப் போய், டிரம்மைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து, மருந்து ஊற்றி, வாசல் சுவரில் சாக்பீஸால் தேதி எழுத வேண்டும்.

முதல் வருஷம் ஒழுங்காகத்தான் பார்த்தாள். ஆனால் அற்பக் கூலி. அதுவும் மாசக்கணக்கில் இழுத்தடித்துத்தான் வரும். இந்தச் சம்பளத்துக்கு இவ்வளவு வேலை போதும் என்று ஒருநாள் அவளே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். காலையில் தேதியை மட்டும் விறுவிறுவென்று எழுதிவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஓடினாள். அங்கே சனிக்கிழமை தவறாமல் கூலி கைக்கு வந்தது. தெருக்காரர்களுக்கும் அது சௌகரியம்தான். எப்போதோ வருகிற குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பவர்களிடம் அதைக் கீழே கொட்டச் சொன்னால் சும்மா விடுவார்களா?

இன்றைக்குச் சுகாதார ஆய்வாளர் பூவனநாதன் வந்திருந்தார். நிரந்தர உத்தியோகம், மாதம் பிறந்தால் சம்பளம். இவர் ஒரு டிரம்மையும் விடமாட்டார், வேலை போச்சு என்று சுகுணா நடுங்கிக்கொண்டே பின்னால் போனாள். மனுஷர் எந்த மூடியையும் தொடவில்லை. சுவரில் தேதி இருக்கிறதா என்று பார்த்தார், செல்போனில் படம் எடுத்தார், அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். முழுச் சம்பளம் வாங்குகிறவர் பார்க்கிற லட்சணமும் இதுதான்! சுகுணாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கடைசியாக அவள் வீடு.

"ஒங்க வீடுதானம்மா? பாத்திருப்பீங்க."

சொந்த வீட்டில் என்ன பார்ப்பது என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அவசரத்துக்கென்று பிடித்து வைத்த டிரம் பின்சுவரோரம் கிடந்தது. சுவருக்கு அந்தப்புறம்தான் முத்துச்செல்வி உட்கார்ந்து படிப்பாள். அது சுகுணாவுக்கு நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் மூடியைத் தூக்கினாள். தண்ணீர் முழுக்கப் புழு நெளிந்தது.

"சார், இங்கன வாங்க."

ஆய்வாளர் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "மூடுங்கம்மா. பெறவு சத்தமில்லாம கொட்டிருங்க. வெளிய தெரிஞ்சா ஒங்க வேல போயிரும், எனக்கும் பதில் சொல்லி மாளாது."

சரிதானே என்றுதான் அவளுக்கும் பட்டது. கொட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அப்போது சுவருக்கு அப்பாலிருந்து முத்துச்செல்வியின் அம்மா வெள்ளைத்தாயின் குரல் கேட்டது. "சுகுணா, பிள்ளைக்குக் கஞ்சி கொண்டு போறேன். நம்ம தெருவுலதான் நீ பாக்குதியே. பள்ளிக்கூடத்துலதான் கடிச்சிருக்கும். அங்கன போயி நாலு வார்த்த கேக்கணும்."

சுகுணா மூட எடுத்த மூடியைக் கீழே போட்டாள்.

"பள்ளிக்கூடத்துக்குப் போவாதீய மதினி. இங்கன வாங்க."

ஆய்வாளர் தலையில் அடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். வெள்ளைத்தாய் கஞ்சித் தூக்கோடு வந்து டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒன் வீட்டக்கூடவா நீ பாக்கல?"