குழாய்த் தண்ணீரில் ஒரு ஸ்பூன்

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அண்ணன் வானொலி நிலையம் ஆரம்பித்தபோது அந்த வாயையே வேலைக்கு வைத்துக்கொண்டான். காலையில் அவள் பேசினால் ஊரே கேட்கும். இன்றைக்குப் பார்த்து அந்த வாய்க்குப் பூட்டு.

நகராட்சியிலிருந்து அவசரத் தகவல் வந்திருந்தது. குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்துவிட்டதாம், காய்ச்சாமல் யாரும் குடிக்கக் கூடாதாம். காலை நிகழ்ச்சிக்குக் காசு கொடுப்பதோ ஒரு பழரசப் பொடிக் கம்பெனி. பாட்டுக்குப் பாட்டு அவர்கள் விளம்பரம்: "குழாயைத் திற, ஒரு ஸ்பூன் போடு, குடி!"

"மத்தியானம் படிச்சுக்கோ," என்றான் அண்ணன்.

"அதுக்குள்ள பாதி ஊரு வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்துடும்ணா."

"அவங்க நிகழ்ச்சியிலயே தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொன்னா நாளைக்கு ஒருத்தனும் விளம்பரம் தர மாட்டான். நிலையத்த இழுத்து மூடிட்டா, அப்புறம் யாருக்கு என்னத்தச் சொல்லுவே?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் போய் உட்கார்ந்து, விளம்பரத்தை ஓடவிட்டாள். தன் கையாலேயே ஊருக்கு அந்தத் தண்ணீரைக் கலக்கிக் கொடுப்பது மாதிரி இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு செல்போனை எடுத்தான். ஸ்டூடியோவில் இருப்பவளோடு பேச அங்கே ஒரு மைக் உண்டு. பேசி முடித்ததும் அதை அணைக்க மறப்பது அவனுடைய தீராத வியாதி. அவன் குரல் அவள் ஹெட்ஃபோனில் கணீரென்று விழுந்தது.

"குழந்தைங்களுக்குக் குழாய்த் தண்ணி குடுத்துடாதே. சாக்கடை கலந்திருக்கு."

அண்ணியிடம்தான் பேசுகிறான். இவன் பிள்ளைகள் மட்டும்தான் பிள்ளைகளா?

அண்ணிக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. அண்ணன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். அவள் விளம்பரத்தைப் பாதியில் நிறுத்தி, தன் மைக்கைத் திறந்து, ஹெட்ஃபோனைக் கழற்றி மைக்கின் வாயில் வைத்தாள்.

"சாக்கடை கலந்திருக்குன்னு சொல்றேன்ல. நல்லாக் காய்ச்சி ஆற வச்சுக் குடு. பக்கத்து வீட்டுல சொல்லிக்கிட்டு இருக்காதே."

ஒலிபரப்பைக் கேட்க வைத்திருந்த அறை ஸ்பீக்கரில் தன் குரலையே கேட்டு அண்ணன் திரும்பினான். முகத்தில் ஈயாடவில்லை.

"இப்பப் பேசினது நம்ம நிலைய முதலாளி," என்றாள் அவள் மைக்கில். "தண்ணியக் காய்ச்சிக் குடிங்க. பக்கத்து வீட்டுலயும் சொல்லுங்க."

ஆபீஸ் போன் அடிக்க ஆரம்பித்தது. பொடிக் கம்பெனியாகத்தான் இருக்கும். இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.